கூரை எட்டாத சுவரும் எங்கள் சனிக்கிழமை வட்டமும்

அடுத்தவர் கவலையைக் கேட்க மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது எங்கள் நிவித்திகல கடைவீதியில் ஒருத்தரும் நம்பவில்லை. "கடையில உக்காந்துகிட்டு நான் அதைத்தானே சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் புடவைக் கடை வைத்திருந்த என் அப்பா. நானோ இரத்தினபுரியில் சில வாரப் பயிற்சி முடித்து, தேயிலைத் தோட்டங்களில் குழுச் சிகிச்சை நடத்தக் கிளம்பியவள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குச் செல்போன் ஏறாத காலம் அது. மனம் சோர்ந்து போன எட்டுப் பத்துப் பேரை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும். அதிலேயே ஒருவரால் ஒருவருக்குத் தெம்பு வரும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டு அல்லாடும் சக துன்பசாலிகளே, இது உங்களுக்காகத்தான்.

வட்டம்

பயிற்சியில் முதல் பாடமே வட்டமாக உட்கார வேண்டும் என்பதுதான். வட்டத்தில் பெரியவர், சின்னவர் கிடையாதாம். அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைச் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்குக் கொடுத்தார்கள். பாய்களை அழகாக வட்டமாக விரித்துவிட்டு நிமிர்ந்தேன். வந்த பெண்கள் பாயை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது நிற்பார்களே, அதே மாதிரி சுவரோரம் வரிசையாக நின்று, நான் பெயர் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார்கள்.

கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். கடைசி ஆள் உட்காரும்போது முதல் ஆள் எழுந்து பழையபடி சுவரோரம் போயிருந்தார். அவர்தான் இரத்தினம் அக்கா. தூக்கம் வராத வியாதி என்று வந்தவர். கொழுந்து பறிப்பதில் கை எவ்வளவு வேகமோ, வாயும் அவ்வளவு வேகம். ஏனக்கா எழுந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"இப்படி எல்லாரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்தா சண்டைதாங்க மிஸ் வரும்."

போத்தல்

இரண்டாவது வாரம் பாதிப் பேர் வெறும் போத்தலோடு வந்தார்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் கலவை வாங்கப் போத்தல் கொண்டுபோவது பழக்கம். நான் வைத்தியம் என்று சொல்லித்தானே கூப்பிட்டேன், அவர்கள் மேல் என்ன பிழை? ஆஸ்பத்திரியில் குளிசை, மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தாமல் குடியுங்கள், இங்கே பேசுவதும் கேட்பதும்தான் மருந்து என்று விளக்கினேன். போத்தல்கள் ஒவ்வொன்றாகச் சேலைத் தலைப்புக்குள் போயின. முகங்களில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. இரத்தினம் அக்காதான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"பேசுறதுக்குத்தான்னா பீலியில தண்ணி புடிக்கிற நேரமே பேசியிருப்போமே மிஸ், இதுக்கு ஏன் சேலை மாத்திக்கிட்டு வரணும்?"

ரகசியம்

வட்டத்துக்குள் பேசுவது வெளியே போகக்கூடாது. எங்கள் தொழிலில் இது பெரிய சட்டம். பயிற்சியில் சொன்னபடியே குரலைத் தாழ்த்தி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், ஒருத்தி தூக்கி வந்து தொட்டிலில் போட்டிருந்த பிள்ளை முழித்துக்கொண்டது. விஷயம் இதுதான். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் அந்த லயமே கேட்கும்.

சிரிக்காதவள் ஒருத்திதான். பரமேஸ்வரி. இரத்தினம் அக்காவின் அடுத்த காம்பரா. மூன்றாவது பிள்ளை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை, சமைக்க வைத்தால் சட்டி கருகியது, பேச்சும் நின்றுவிட்டது. மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைகள் இரண்டையும் தான் வைத்துக்கொண்டு மருமகளை ஓப்பநாயக்கவில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். புருஷன் முருகேசு, மாணிக்கக் குழியில் மண் சுமக்கிறவர், கொஞ்ச வாரம் தவணை கேட்டு அவளை வட்டத்துக்குக் கூட்டி வந்தார். வெளியே கல்லில் உட்கார்ந்திருப்பார். அந்தத் தவணைக்குள் இவள் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. மற்றவர்களோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்புக்கு நடுவே இரத்தினம் அக்கா சொன்னார்.

"வெளிய போகக்கூடாதுங்கிறீங்க, எல்லாமே வெளிய இருந்துதாங்க மிஸ் உள்ள வந்திருக்கு."

ஹொந்தாய்

எங்கள் வேலையைப் பார்வையிட இரத்தினபுரியிலிருந்து டாக்டர் நோனா வந்தார். தங்கமான மனுஷி, ஆனால் தமிழ் தெரியாது. பரவாயில்லை, எங்கள் பெண்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்க, வட்டம் முழுக்க "ஹொந்தாய் நோனா, ஹொந்தாய்" என்று தலையாட்டியது. தூக்கம்? ஹொந்தாய். சாப்பாடு? ஹொந்தாய். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் இந்தக் குழு எதற்கு என்று என்னைப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் ஜீப் ஏறியதும் ஆத்திரத்தோடு கேட்டேன். போன வாரம் சோறே இறங்கவில்லை என்றீர்களே, தூக்கம் இல்லை என்றீர்களே, அதையெல்லாம் சொன்னால் என்ன? இரத்தினம் அக்கா நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

"சிங்களத்துல எனக்குக் கவலைப்பட வராதுங்க மிஸ், சாமான் வாங்க மட்டுந்தான் வரும்."

புத்தி

வட்டத்தில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. இதுவும் சட்டம். ஒருத்தி தலைவலி என்று வாய் திறந்தால் போதும், ஒரு பக்கமிருந்து கசாயம், இன்னொரு பக்கமிருந்து நேர்த்திக்கடன், மூன்றாவது பக்கமிருந்து "அந்த ஆள விட்டுட்டு வந்துரு". நான் கை தட்டி நிறுத்துவேன். ஏன் சொல்லக்கூடாது, சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று விளக்குவேன். பரமேஸ்வரி பக்கம் திரும்பி, மனதில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும், அடக்கி வைக்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்வேன். அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் இரத்தினம் அக்கா குறுக்கே வந்தார்.

"இப்ப இந்த வட்டத்துல நீங்க ஒருத்தர்தாங்க மிஸ் புத்தி சொல்றீங்க, நாங்க எல்லாம் நிறுத்திட்டோம்."

சட்டிச் சத்தம்

தவணை முடிந்த சனிக்கிழமை. முருகேசு வழக்கமான கல்லில் உட்கார்ந்திருந்தார், காலடியில் பரமேஸ்வரியின் துணிப்பை. வட்டம் முடிந்ததும் அப்படியே சந்திக்குப் போய் ஓப்பநாயக்க பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. சொல்ல ஒரு புத்தியும் மிச்சமில்லாததால் நானும் வாயை மூடிக்கொண்டேன். மழை மட்டும் தகரத்தில் கொட்டியது. இரத்தினம் அக்கா வெளியே பையைப் பார்த்தார், பரமேஸ்வரியைப் பார்த்தார்.

"நீ விடியக்காத்தால அழுவுறது எனக்குக் கேக்கும் புள்ள. பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி அடுப்பு மூட்டுற நேரம். கேக்குதுன்னு தெரிஞ்சா நீ கூச்சப்படுவியேன்னுதான் சட்டிய உருட்டுவேன்."

லயத்தில் இது ஒரு மரியாதை. அடுத்த காம்பராவில் அழுகை கேட்டால் நல்ல மனுஷர்கள் கரண்டியை எடுத்துச் சட்டியில் தட்டுவார்கள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்று காட்ட. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பரமேஸ்வரி கோரையைப் பிய்ப்பதை நிறுத்தினாள். பல வாரமாகப் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

"நான் அழுவுறது தொந்தரவா இருக்குன்னுதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன் அக்கா. வாயில சேலைய அமுக்கிக்கிட்டேன். அப்புறம் அழுகையும் வரல, பேச்சும் வரல."

இரத்தினம் அக்கா அப்படியே நகர்ந்து போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். "நானும் ஒண்ண மண்ணுக்குக் குடுத்தவதான்டி" என்றார். அடுத்த பாயிலிருந்து "நானும்" என்று ஒரு குரல். அதற்கடுத்து இன்னொன்று. பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள், பெயர் வைக்குமுன் போனதைச் சொன்னார்கள். பரமேஸ்வரி வாயில் எதையும் அமுக்காமல் அழுதாள். யாரும் எதையும் தட்டவில்லை. நானும் அழுதேன், பயிற்சியில் அதற்கும் தடை உண்டு.

வெளியே வந்தபோது அவள் அழுகை ஓயவில்லை. முருகேசு எழுந்து நின்றார். பிள்ளைக்காம்பராச் சுவரும் கூரை எட்டாத சுவர்தான், எல்லாம் கேட்டிருக்கும். சந்திக்கு இறங்கும் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஏறும் படியில் கால் வைத்தார்.

"இப்பத்தாங்க மிஸ் அழவே ஆரம்பிச்சிருக்கா, மிச்சத்த வீட்டுல வச்சு அழட்டும், அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுபடியும் போத்தல்

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள்தானே. குளிசை நிற்கவில்லை, சட்டியும் அவ்வப்போது கருகியது. மாமியார் கொஞ்ச காலம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் விடியற்காலையில் சட்டி உருளுவது நின்று, சுவருக்கு மேலே "எந்திரிச்சிட்டியா புள்ள, தேத்தண்ணி இருக்கு" என்று குரல் போக ஆரம்பித்தது. மழை விட்ட ஒரு மாதத்தில் பரமேஸ்வரி கூடையோடு மலைக்கு ஏறினாள்.

பிறகொரு சனிக்கிழமை மேல் டிவிஷனிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். கையில் கழுவித் துடைத்த போத்தல். நான் தொண்டையைச் செருமி என் விளக்கத்தை ஆரம்பிக்குமுன், பரமேஸ்வரி எழுந்து போய் அந்தப் போத்தலை வாங்கி ஓரமாக வைத்து, அவளைத் தன் பாயிலேயே உட்கார வைத்தாள்.

"இங்க மருந்து குடுக்க மாட்டாங்க அக்கா, ஆனா நீங்க அழுதா யாரும் சட்டிய உருட்ட மாட்டாங்க."

அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் எனக்கு மிஞ்சிய வேலை பாயை விரிப்பதும் சுருட்டுவதும்தான், அதற்கும் மாதாமாதம் சம்பளம் தந்தார்கள் என்பதை அப்பா கடைசி வரை நம்பவேயில்லை.