வியாழன், நாலு முதல் ஐந்து வரை

“சும்மா இருக்கறதெல்லாம் உன் மாதிரி கஷ்டப்பட்டு மேல வந்தவாளுக்கு ஒத்து வராதும்மா. ஒரு மணி நேரம் காலியா விட்டா நீயே பயந்துடுவே.”

இதைச் சொன்னவர் என் மேலாளர். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். சால்ட் லேக் அலுவலகத்தில், எங்கள் பிரிவில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் திட்டுவதென்றால் என்னைத் தமிழில் திட்டுவார். பாராட்டுவதென்றால் ஆங்கிலத்தில், எல்லோர் காதிலும் விழும்படி. அன்று அவர் திட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விஷயம் சிறியது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவர் காலண்டரும் எல்லோருக்கும் தெரியும். திரையில் வெள்ளையாக ஒரு கட்டம் கண்ணில் பட்டால் போதும், யாராவது ஒரு மீட்டிங்கைக் கொண்டுவந்து அதில் வைத்துவிடுவார்கள். வியாழக்கிழமைகளில் நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பேன். காலை ஏழரைக்கே உட்கார்ந்துவிடுவதால், மாலை நாலிலிருந்து ஐந்து வரை எனக்கென்று அடைத்து வைத்தேன். அதற்கு ஒரு தலைப்பு வேண்டுமாம். ‘எதுவுமில்லை’ என்று எழுதினேன்.

வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. நாலு மணிக்குக் கீழே டீக்கடைக்கு இறங்கும் கூட்டம் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேலே வரும். அந்த அரட்டைக்கு இங்கே அட்டா என்று பெயர். அதற்கு யாரும் கட்டம் போடுவதில்லை, யாரும் கேள்வி கேட்பதுமில்லை. சிலர் ‘கிளையன்ட் தயாரிப்பு’ என்று எழுதிவிட்டுத் தூங்குவார்கள். நான்தான் உள்ளதை உள்ளபடி எழுதி மாட்டிக்கொண்டேன். எழுதிவைக்காத நேரம் திருடிய நேரம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பில் ஒரு நோட்டுத் தாளில் அட்டவணை போட்டு, கதவுக்குப் பின்னால் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் அம்மா அதற்குக் காவல் இருந்தாள். கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை என்பது தெரியும். அந்தத் தாள்தான் என்னைக் கல்லூரிக்கும், பிறகு கொல்கத்தாவுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அட்டவணையைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது. இன்றைக்கும் என் வாரம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஓய்வையே பார்க்காமல் வளர்ந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள். கூலி கிடையாது. அரிசி அளக்கும் பெரிய டம்ளரை அம்மா மேலே தூக்கி வைத்துவிட்டுச் சின்ன டம்ளரை எடுப்பாள். சும்மா இருப்பது என்றால் எனக்கு அந்தச் சின்ன டம்ளர்தான் ஞாபகம் வரும்.

ஆகவே மேலாளர் சொன்னது முழுப் பொய் இல்லை. முதல் வியாழன் பயந்தேன். பயத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்கும் பட்டியல் போட்டேன். நாலு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் நடை, நாலே காலுக்குப் பெஞ்சு, நாலரைக்கு வேர்க்கடலை. டாக்குரியாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாளை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். அவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கடலையை மெல்ல எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய் என்று வங்க மொழியில் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் சீட்டு மீன் செதிளோடு குப்பைக் கூடைக்குப் போய்விட்டது.

சீட்டு இல்லாமல் போன முதல் தடவை, பெஞ்சில் உட்கார்ந்து மணியைப் பதினோரு தரம் பார்த்தேன். மூன்றாவது வியாழன், ஏரிக்கரையில் சீட்டாடும் பெரியவர்கள் ஒரு கை குறைகிறதென்று என்னைக் கூப்பிட்டார்கள். இருபத்தொன்பது என்கிற ஆட்டம். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தவர்கள்தான் தினமும் தோற்கிறார்கள், நீ உட்காரு என்றார் ஒருவர். நான் துருப்புச் சீட்டைத் தவறாக இறக்கியதற்கு என் கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஆட்டம் ஜெயித்தோம். எதற்காகவும் இல்லாமல் ஒன்றை ஜெயித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

மணி பார்த்தபோது ஐந்தே கால். வீட்டுக்கு ஓடிப்போய் ஐந்து மணி மீட்டிங்கில் சேர்வதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது.

மறுநாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அது என் தப்பு. அவர் அதோடு விடவில்லை. குழுத் தலைவர் பதவிக்கு என் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று தொடங்கினார்.

“லீடுன்னா எப்ப கூப்பிட்டாலும் இருக்கணும். அந்தக் கட்டத்த எடுத்துட்டு அப்ளை பண்ணு.”

“டீக்கடைக்குப் போறவங்களுக்கு அப்படி ஒரு கட்டமே இல்லையே சார்?”

“அது வேற. அவா அப்படியே பழகினவா. நீ அப்படி இல்லையே.”

“பழகிக்கிறேன் சார்.”

அவர் சிரித்தார், சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டதுபோல. நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தப் பதவிக்கான வேலையைப் பதவி இல்லாமலே செய்துகொண்டிருந்தேன். அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

அடுத்த வியாழன் ஏரிக்கரைப் பெஞ்சில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். துடுப்புப் போட்டுப் பழகும் பிள்ளைகளின் படகு ஒன்று நேராகப் போகாமல் கரையில் வந்து முட்டியது. அப்போது அம்மாவின் போன்.

“என்னட்டி செய்த?”

“சும்மா இருக்கேம்மா.”

அம்மாவின் குரல் இறங்கியது.

“வேலைய விட்டு நிப்பாட்டிட்டானுவளா?”

“இல்லம்மா. வேலை இருக்கு. சம்பளம் இருக்கு. இந்த ஒரு மணி நேரம் மட்டும் சும்மா இருக்கேன்.”

“அங்க மழையா?”

“இல்ல. நல்ல வெயில் அடிக்கி.”

வெயில் அடிக்கும்போது, கூலியும் போகாமல், ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அதை அம்மா மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

“அப்ப இரு,” என்றாள். “எந்திரிச்சிராத.”

போனை வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு மணி நேரம் இருந்ததில்லை. என் மேலாளருக்கு அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது, அதனால் அதற்கு அவர் பெயர்கூட வைத்ததில்லை. எனக்கு அது படித்து, உழைத்து, கட்டம் கட்டி வந்தது. பெயர் எழுதித்தான் வைப்பேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கடுத்த வியாழன். பதவிக்கான தகுதிகளை ஒன்றுவிடாமல் நிரப்பினேன். எந்த நேரங்களில் உங்களை அழைக்க முடியாது என்று ஒரு கேள்வி இருந்தது. அதில் வியாழன், நாலு முதல் ஐந்து என்று எழுதி, பக்கத்தில் காலண்டரில் இருக்கும் அதே தலைப்பையும் எழுதினேன். காலண்டரில் அந்தக் கட்டம் மூன்று மாதத்தில் முடிவதாக இருந்தது. முடிவுத் தேதியை எடுத்துவிட்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். நாலு ஐம்பதுக்கு அடிக்கும்படி அலாரம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.