பக்கத்து சீட்டுப் புத்தகம்

ரயிலில் யாராவது ஒரு பக்கத்தைத் திருப்பினால் போதும், சித்தியின் கழுத்து தானாக அந்தப் பக்கம் நீளும். ஒரு பத்திரிகையைக்கூட அவள் சொந்தமாக வாங்கியதில்லை. ஓடும் ரயிலில் தானே கையில் பிடித்துப் படித்தால் தலை சுற்றுகிறதாம். அடுத்தவர் கையில் இருந்தால் சுற்றாதாம். இந்த வைத்திய அதிசயத்தை அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவரும் நம்பவில்லை. 'ஓசிப் பேப்பர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்காக அவள் முகம் சுளித்ததும் இல்லை. ஓசியில் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

கடையிலும் அதே புத்திதான். புதுக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களிடம் எழுத்து அட்டையை நீட்ட மாட்டாள். கவுண்டர் ஓரத்தில் பழைய பத்திரிகைகளைக் குவித்து வைத்திருப்பாள். எது பிடிக்கிறதோ எடுத்துப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஃப்ரேமைத் துடைக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் கவனிப்பாள். வக்கீல் கம்பீரமாகத் தலையங்கத்தைத்தான் எடுப்பார். இரண்டு வரி தாண்டுவதற்குள் கண் வழுக்கிக்கொண்டு போய் சினிமா கிசுகிசுவில் விழும். இனி எனக்கென்ன ஆசை இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிற பெரியவர், முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரத்தை ஒரு வார்த்தை விடாமல் படிப்பார். கையில் பிடித்திருப்பது ஊருக்குக் காட்ட, கண் நிற்கிற இடம்தான் ஆள் யாரென்று சொல்லும் என்பது சித்தியின் கட்சி.

இது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. வயதுப் பெண்ணாக இருந்தபோது அவளைப் பார்க்க வந்த மனிதர் கக்கத்தில் ஒரு தடிப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்தார். படிப்பாளி, சாது என்று வீடே சொக்கிப்போனது. அவளும் சொக்கித்தான் போனாள். கல்யாணமாகிப் போன மறுநாள்தான், பின்னறையில் படுத்த படுக்கையாக ஒரு மாமியார் இருப்பது தெரிந்தது. அதைப் பற்றி முன்பு ஒருவரும் மூச்சு விட்டிருக்கவில்லை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது என்று அவளுடைய நல்ல வயதெல்லாம் அந்த அறையிலேயே கழிந்தது. மாமியார் மேல் அவளுக்குத் துளி வருத்தமில்லை. நல்ல மனுஷி, பாவம். சொல்லாமல் தலையில் கட்டினார்களே, அதுதான் ஆறவில்லை. அந்த அம்மா கண்ணை மூடிய பிறகு, கணவர் வேறு ஊரில் வேலை என்று கிளம்பினார். போனவர் போனவர்தான். அவர் விட்டுப்போன தடிப் புத்தகத்தை ஒருநாள் பிரித்துப் பார்த்தாள். முதல் சில பக்கங்களுக்கு அப்பால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு இருந்தன.

அப்படிப்பட்டவளிடம்தான் அக்கா மகள் ஃபோனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். அக்கா இறந்த பிறகு சித்தியே வளர்த்து ஆளாக்கிய பெண். சித்திக்கென்று இருக்கிற ஒரே உயிர் அவள்தான். போட்டோவில் இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அலுவலக லிஃப்ட் பாதி வழியில் நின்று இவள் உள்ளே மாட்டிக்கொண்டபோது, கதவு திறக்கிறவரை வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அந்தப் பேச்சில் விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சித்தி போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முகம் பரவாயில்லை. முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேரில் பார்க்க இப்போது என்ன அவசரம் என்று சொல்லிவிட்டு, அவர் எந்த ரயிலில் போவார், எந்தப் பெட்டியில் ஏறுவார் என்பதைப் பேச்சுவாக்கில் கறந்துகொண்டாள். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"என் கை விஷயம் அங்க யாருக்கும் தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கை விஷயம் என்பது வலது கையின் நடுக்கம். கண்ணாடி ஃப்ரேமில் குட்டி ஸ்க்ரூவை மாட்டும்போதுதான் முதலில் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர் சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்கினாள். அதுவும் சரியில்லை. அக்கா மகள் விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி, மெதுவாகத்தான் முற்றும், ஆனால் முற்றும் என்றார். சித்தி வேளாவேளைக்கு மாத்திரை போட்டாள். அந்தப் பெயரை மட்டும் வீட்டில் எடுக்க விடவில்லை.

மறு வாரம் சித்தி வேவு பார்க்கக் கிளம்பினாள். லிஃப்ட்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் ஃபோனை நோண்டிக்கொண்டிருக்க, அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. புத்தகத்துக்கு முக்காடு எதற்கு? சித்திக்கு அங்கேயே உறுத்தியது. கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்தாள்.

ஒருவரைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு சட்டை மாட்டிவிடுகிற படம் கண்ணில் பட்டது. அடுத்த நாள், கட்டிலிலிருந்து ஒருவரை எப்படி எழுப்பி உட்கார வைப்பது என்ற பக்கம். அதற்கடுத்த நாள், குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பியை எந்த உயரத்தில் அடிப்பது என்று. லிஃப்ட்காரர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். தாள்களின் ஓரமெல்லாம் கிரீஸ் கறை. ஆள் நிஜமாகவே படிக்கிறார் என்பதுதான் சித்தியைக் கலக்கிவிட்டது. அந்தப் படங்களில் இருந்த ஒவ்வொரு வேலையும் அவள் கைக்குத் தெரியும். அன்று இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி, வந்த வழியே நடந்தாள்.

சாயங்காலம் டீயைக்கூடத் தொடாமல் அக்கா மகளை உட்கார வைத்து, அந்த லிஃப்ட்காரர் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, ரயில் கதை முழுவதையும் ஒப்பித்தாள்.

"அவங்க வீட்ல யாரோ படுத்த படுக்கையா இருக்காங்க. உங்கிட்ட மறைக்கிறாரு. எனக்கு நடந்தது உனக்கும் நடக்க விடமாட்டேன்."

அக்கா மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மூன்று நாளாக ரயிலில் ஆள் பின்னால் அலைந்தீர்களா என்று கேட்டாள். அவர் வீட்டில் இருப்பது அவரும் அவர் அம்மாவும்தானாம். அந்த அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன மாதம் நடுரோட்டில் தனி ஆளாக டயர் மாற்றினாராம். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. ஆறிப்போன டீயை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் புத்தகம் உங்களுக்காக சித்தி. நீங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் சொல்லிட்டேன். கல்யாணம்னா சித்தியும் என்கூட வருவாங்க, அவங்களுக்கு இப்படின்னு சொன்னேன். அப்ப எனக்கும் கொஞ்சம் தெரியணும்ல, அப்படின்னு கேட்டுட்டு, போய் வாங்கிட்டு வந்தாரு."

சித்திக்குக் கோபம்தான் வந்தது. என் கையைப் பற்றி வெளியாளிடம் பேச நீ யார் என்று கத்தினாள். நான் என்ன முடங்கியா கிடக்கிறேன், எனக்கு எவன் சட்டை மாட்ட வேண்டும் என்று கேட்டாள். முகம் கழுவுகிறேன் என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே வெறும் சுவர்தான் இருந்தது. கம்பி அடித்தால் எந்த உயரத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பின்னறைக் கதவைச் சாத்தி வைத்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆயுசு முழுக்க எதை நினைத்து நினைத்து வயிறெரிந்தாளோ, அதே காரியத்தைக் கொஞ்சமும் கூசாமல் தானே செய்யப் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் மூடி வைத்தார்கள், இந்தப் பெண் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். கேட்டவரும் ஓடிப்போகவில்லை, புத்தகக் கடைக்குப் போயிருக்கிறார். சித்தி வாளி மேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து வெளியே வந்து, டீ ஆறிவிட்டது, சூடு பண்ணு என்றாள்.

காலையில் அதே பெட்டியில் ஏறினாள். லிஃப்ட்காரருக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒளியாமல் நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். அவர் ஒதுங்கி இடம் விட்டார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலண்டர் தாள் அட்டை போட்ட புத்தகத்தைப் பிரித்தார். சட்டைப் பொத்தான் போடுவதைப் பற்றிய பக்கம். சித்தியின் கழுத்து வழக்கம்போல நீண்டது.

'அவசரப்படுத்தாதீர்கள். நேரமானாலும் அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.' அந்த வரியின் கீழ் பென்சில் கோடு இரண்டு தடவை ஓடியிருந்தது. அதற்குக் கீழே படிப்பதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அவருடைய விரல் தாளின் முனைக்குப் போனது. சித்தி வலது கையை நீட்டிப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. நான் இன்னும் படிச்சு முடிக்கல."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். கையோடு சேர்ந்து தாளும் நடுங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை இரண்டு பேர் மடிக்கும் நடுவில் வருகிற மாதிரி நகர்த்தி வைத்தார். நிலையங்கள் வந்து போயின. சித்தி தலையாட்டுகிறவரை அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.