பூஜ்யம் போட்ட தெருக்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கட்டம் அக்கா. இருபத்திரண்டு வருடமாகக் கட்டங்களை நிரப்புவதுதான் வேலை. உலக நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து, இந்த வருடத்துக்குள் பசி இருக்காது, குடிநீர் இல்லாத வீடு இருக்காது என்று கையெழுத்துப் போட்டுவிட்டன. போட்டவர்களுக்கென்ன, விமானம் ஏறிப் போய்விட்டார்கள். தெருத்தெருவாய்க் கணக்கெடுத்து மேலே அனுப்புவது இவள் தலையில் விழுந்தது.

போன மாதம் கல்குவாரித் தெருவுக்கு, 'தண்ணீர் இல்லாத வீடுகள்: 31' என்று எழுதினாள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லா ஊரும் பூஜ்யம் காட்டியாச்சு. நாம மட்டும் மானம் கெடணுமா? குழாய் எப்படியும் வந்துரும், பூஜ்யம் போடும்மா."

போட்டாள். மறுவாரம் போய்ப் பார்த்தால் குழாயும் இல்லை, ஆட்களும் இல்லை. கொடியில் துணிகள் மட்டும் ஈரத்தோடு தொங்கின. தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டாள்.

"இங்க யாரும்மா இருந்தாங்க? எப்பவும் காலி வீடுங்கதானே" என்றார், வாய் கூசாமல்.

தான் போட்ட பூஜ்யம்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

அடுத்து வந்தது கால்வாய்த் தெரு. ஒன்பது வீடுகள், அதில் ஒன்று தங்கச்சி வீடு. பிடிவாதமாக ஒன்பது என்றே எழுதினாள். அதிகாரி அவள் கண் முன்னாலேயே அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். சொல்லிக்கொள்ளாமல் தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள்.

"துணிமணிய விடுடி, பிள்ளைங்களத் தூக்கு!"

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கற? குடத்தையாவது எடுத்துக்கறேன்."

"என் வீட்லதான் குழாய் இருக்கே. குடம் எதுக்கு? வா!"

தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் அவளுடைய ஒற்றை அறைக்குள் வந்த பிறகுதான் மூச்சே வந்தது. சின்னவன் குழாயைத் திறந்து திறந்து மூடினான். திட்ட மனம் வரவில்லை. மற்ற எட்டு வீடுகளை நினைத்தபோது மட்டும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் அவள் மேசையில் புதுத் தாள் கிடந்தது. 'ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் வசிக்கும் வீடுகள்.' அவள் தெருவுக்கு நேரே அதிகாரியே முந்திக்கொண்டு பூஜ்யம் போட்டிருந்தார். நேற்று வரை அது சரியான கணக்குதான்.

"சார், என் வீட்ல இப்ப நாலு பேர் சார். ஒண்ணுன்னு மாத்துங்க. சார்!"

அதிகாரி திரும்பவில்லை. மூடி கழற்றிய பேனாவையும் பாதி குடித்த டீயையும் பார்த்துப் பியூனைக் கூப்பிட்டார்.

"இந்த மேசை யாருதுப்பா?"

"யாருதும் இல்லையே சார். எப்பவும் காலிதானே."