சாமான் கொட்டகைப் பாதை

எங்கள் அப்பா கொடிகாமத்தில், ரயில் பாதையை ஒட்டிய வளவொன்றில் பிறந்தவர். கொழும்பில் ரயில்வே படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் என் வீட்டில் இருந்தபோது காலமானார். அம்மா முன்னமே போய்விட்டதால் இந்த நினைவு மலருக்கு, எங்கள் வழக்கில் கல்வெட்டுக்கு, எழுதும் பொறுப்பு மூத்த மகளான என் தலையில் விழுந்தது. முப்பது நாளாக வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போட்டுக் களைத்துவிட்டேன். அப்பாவின் நற்குணங்களை நீங்களே அறிவீர்கள். நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

யுத்தத்தால் வடக்குக்கு ரயில் நின்று, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் கட்டப் போய்விட்டன என்று கேள்விப்பட்ட கிழமை, அப்பா பெரிய பலகை ஒன்று வாங்கி வந்தார். கொடிகாமம் ஸ்டேஷனை, பாதைகள் ஒன்று விடாமல், அதில் சின்னதாகச் செய்யத் தொடங்கினார். செப்புக் கம்பியில் தண்டவாளம், நெருப்புக்குச்சியில் சிலிப்பர் கட்டை. வேலைக் காலத்தில் கழித்துவிட்டதென்று கொடுத்த, ரயில்வே முத்திரை குத்திய அந்த ஸ்டேஷனின் பழைய வரைபடம் ஒன்று அவரிடம் இருந்தது. மிச்சத்துக்கு உங்கள் வீட்டு ஆல்பங்கள். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் ஸ்டேஷனில் வழியனுப்பிய படம் இல்லாத வீடு எங்கள் சொந்தத்தில் ஏது?

"மாமா, என்ர கலியாணப் படத்தில என்னைப் பாக்காமல் எதைப் பாக்கிறியள்?" என்று மச்சாள் கேட்டாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நிண்டிருக்கலாம் பிள்ளை. பாதை பிரியிற இடத்தை உன்ர சீலை மறைச்சுப் போட்டுது."

பக்கத்து ஒழுங்கையில் தமிழ் ஆட்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனபோது எனக்குப் பயம் பிடித்தது. தமிழர் வீட்டில் ரயில் பாதை வரைபடம் அகப்பட்டால், குண்டு வைக்க அல்ல என்று எந்த விளக்கம் எடுபடும்? அப்பா கோயிலுக்குப் போன நேரம் அதைக் குசினி அடுப்பில் எரித்துச் சாம்பலையும் கழுவிவிட்டேன். பலகையில் கைவைக்க மனம் வரவில்லை. பார்க்க விளையாட்டுச் சாமான் போலத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சோதனைக்கு வந்தார்கள். வந்த அதிகாரி பலகையைக் காட்டி, இதை எதைப் பார்த்துச் செய்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா பதறவில்லை. முத்திரையோடு பழைய வரைபடம் இருக்கிறது, காட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்தார். அடிமட்டும் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்கு விளங்கியிருக்கும். அதிகாரியிடம் திரும்பி, எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்றார். பலகையை விட்டுவிட்டு அப்பாவைக் கொண்டுபோனார்கள். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே தாளை நான் எரித்திருந்தேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தவர், "தேத்தண்ணி போடு பிள்ளை" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. "வரைபடத்தைத் துலைச்சுப்போட்டு மறியலில கம்பி எண்ணின மனுசன்" என்று நீங்கள் பகிடி பண்ணியபோது அவரும் சேர்ந்து சிரித்தார். நான் வாய் திறக்கவில்லை. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஆல்பங்களை மட்டும் வைத்து ஸ்டேஷனை முடித்தார். சரக்கு இறக்கும் சாமான் கொட்டகைக்குப் போகும் பாதை மட்டும் முடியவில்லை. கொட்டகைக்கு முன்னால் நின்று யார்தான் படம் எடுப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அவராகவே தொடங்கினார். "பிள்ளை, அந்த வரைபடம்..." நான் போர்வையை இழுத்துவிட்டேன். "அது இருந்திருந்தாலும் நான் அதிலயும் பிழை பிடிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பன். நீ போய்ச் சாப்பிடு."

அப்பா அகப்பட்ட இரண்டு நாளும் என்னோடு பொலிசுக்கு அலைந்த கீழ்வீட்டு முஸ்லிம் நானாவுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி நின்ற மச்சான்மாருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. படம் தந்தவர்கள் முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டி முடிந்து போகும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். சாமான் கொட்டகை ஒரு மூலையிலாவது தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். செப்புக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன்.