ஆமென் சொன்ன ரசிகர்

ஒத்தக்கடையில் எங்கள் திரைப்படக் கழகம் ஒரு பெரிய இயக்குநரின் படங்களை மாதம் ஒன்றாகத் திரையிட்டது. முதல் படத்துக்கு நான் உருகிப்போனேன். மூன்றாவதில் ஒரு மூடிய கதவையே காட்டிக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் நம்மை ஏய்க்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. வெளியே சொல்லக் கூச்சம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அப்படிப்பட்ட ரசிகர்.

மிஷன் பள்ளி ஆசிரியர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் ஜெபமாலை. படம் தொடங்கியதும் கைகளைக் கோர்த்து, தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொள்வார். "அவரு பாக்குறதில்ல, உள்வாங்குறாரு" என்பார் கழகச் செயலாளர், பயபக்தியோடு. விளக்கு எரிந்ததும் முதலில் கைதட்டுபவரும் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் நாங்கள் தட்டுவோம்.

அந்த மூன்றாவது படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர் திடுக்கிட்டு, "ஆமென்" என்றார். பிறகுதான் கைதட்டினார்.

வெளியே வண்டி எடுக்கும்போது கேட்டேவிட்டேன். "சார், தூங்கிட்டீங்களா?"

"இம்புட்டு வருசமா பூசையில பிரசங்கம் கேட்டுப் பழகின தூக்கம் தம்பி. பாக்குறவங்களுக்கு ஜெபம் பண்ற மாதிரியே இருக்கும்."

"அப்ப எதுக்கு சார் கைதட்டுனீங்க?"

"முடிஞ்சிருச்சுல்ல?" ஹெல்மெட்டை மாட்டியபடி என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க முழிச்சுத்தான இருந்தீங்க? நீங்க எதுக்குத் தட்டுனீங்க?"

கேலியா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.