பனிக்குள் வாங்கிய பிள்ளை

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் பெயர் கிருஷாந்தி. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்றும் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தோட்டத்தின் பெயர் மட்டும் வேண்டாம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள், கண்ணுகளா.

கிருஷாந்தி நல்லதண்ணிப் பக்கத்துப் பெண். போன வருஷம்தான் நிரோஷனைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாள். அவன் தலவாக்கலையில் மர்சூக் நானாவின் இரும்புக் கடையில் வேலை. காலை பஸ்ஸில் போனால் இருட்டின பிறகுதான் வருவான். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் வயிற்றில் காதை வைப்பான். உள்ளேயிருந்து ஒரு உதை விழும். “வெறுங்கையோட வந்தா ஒதைக்காம என்ன செய்யும்?” என்பாள் அவள். மறுநாள் எப்படியாவது இரண்டு மாங்காய் வந்துவிடும்.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கிளினிக்கில் மருத்துவச்சி மிஸ்ஸி, பிள்ளை வளர்ச்சி போதாது, அசைவைக் கவனித்துக்கொண்டே இரு, அசைவு நின்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து கிருஷாந்திக்குச் சோறு இறங்கவில்லை. சமைக்கும்போதும் கொழுந்து கிள்ளும்போதும் ஒரு கை வயிற்றுக்குப் போய்ப் போய் வரும். வேலைக்குப் போகாதே என்று நிரோஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தால் பயம் இன்னும் கூடுகிறது என்று அவள்தான் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலையில் ஒரு பழக்கம் உண்டு. கைப்பிள்ளைக்காரி கொழுந்து நிறுக்கப் போகும்போது, பக்கத்தில் யார் நிற்கிறாளோ அவளிடம் பிள்ளையை நீட்டுவாள். நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். யார், எவர் என்று கேட்கக் கூடாது. திரும்பி வந்து “குடு” என்றதும் கொடுத்துவிட வேண்டும். ஒரு கணம் கூடுதலாக வைத்திருந்தாலும் அடுத்தவள் பிள்ளைமேல் ஆசைப்பட்டதாகப் பேச்சு வரும்.

அன்று ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மத்தியானத்துக்குப் பிறகு கிருஷாந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கங்காணி அழகுமுத்து பார்த்துவிட்டார். நிறுவைவரைக்கும் நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார். அவள் நாலு எட்டு வைத்ததும் மறுபடி கூப்பிட்டார்.

“ரோட்டு வழியா போம்மா. குறுக்கால எறங்காத.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை. வழுக்கும் என்று சொல்கிறார் போல, என்று இவள் நினைத்துக்கொண்டாள். ரோடு சுற்று. இடுப்போ விட்டுப்போகிற மாதிரி வலித்தது. குறுக்குப் பாதையிலேயே இறங்கிவிட்டாள்.

அந்தப் பாதை பழைய பிள்ளைக் காம்பிராவை ஒட்டிப் போகும். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன இடம். இப்போது கூரை இல்லை, பாதிச் சுவர்தான். புதியதை ரோட்டோரம் கட்டி வருஷக்கணக்காகிறது.

மூன்றரை மணி இருக்கும். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் ஊதியது கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஓடைச் சத்தம்கூட இல்லை. பனி மூடியது. நாலு எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

சுவரோரம் ஒரு பெண் நின்றாள்.

முதுகில் பழைய பிரம்புக் கூடை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை இன்னும் தொடங்கவே இல்லை. கொழுந்து வாசனை வரவில்லை. புதிதாக வெட்டின மண் வாசனை வந்தது.

“தங்கச்சி, இத கொஞ்சம் புடி. நெறுத்துட்டு வந்துர்றேன்.”

கைகள் தாமாக நீண்டன. சாக்குத் துண்டில் சுற்றிய பிள்ளை. வாங்கிக்கொண்டாள்.

நிறுவை நடப்பது மேலே. அந்தப் பெண் கீழே இறங்கிப் போனாள்.

துணி ஈரம். உள்ளே மட்டும் சூடு. ரொம்பச் சின்னது… பிறந்த பிள்ளைகூட இத்தனை சின்னதாக இருக்காது. சாக்குக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் பழக்கதோஷத்தில் மற்றக் கை வயிற்றுக்குப் போனது.

அசைவில்லை.

அழுத்திப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். குனிந்து, வயிற்றுக்குள் இருக்கிற பெயரில்லாத பிள்ளையை, “சாமி… சாமி…” என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

வயிறு கல் மாதிரி இருந்தது.

“குடு.”

பின்னாலிருந்து.

காலடிச் சத்தமே கேட்கவில்லை. கிருஷாந்தி மெல்லத் திரும்பினாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. காலைத்தான் பார்த்தாள். முழங்கால்வரை செம்மண். ஒரு அட்டைகூட ஏறாத கால்.

தாய் கேட்கிறாள். கொடுத்துவிட வேண்டும். சாக்கை நீட்டினாள்.

பிள்ளை விரலை விடவில்லை.

“வெரல எடுத்துவுட்டுட்டுக் குடு.” கோபமில்லாத குரல். “நேரமாச்சு.”

விரலை இழுத்தாள். பிடி இறுகியது.

இன்னொரு தரம் இழுத்தாள்…

“குடுக்க மாட்டேன்க்கா.”

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். வழுக்கிய இடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தாள். தேயிலை வாது காலைக் கிழித்தது.

“குடு.”

அதே தூரத்தில்.

“குடு…”

கூடவே வந்தது.

“குடு…”

ரோடு.

புதிய பிள்ளைக் காம்பிராவின் படியில் போய் விழுந்தாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலாயி ஓடிவந்து தூக்கினாள். நெஞ்சோடு இறுகியிருந்த சாக்கைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பிடி செம்மண்.

அதே நேரம் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. கிருஷாந்தி வாய்விட்டு அழுதாள்.

வேலாயி அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். சாக்கை எடுத்துப்போய் அடுப்பில் திணித்தாள். நிரோஷனுக்குப் போன் போட்டு, அவன் வரும்வரை கிருஷாந்தியின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு, பிள்ளை பிறக்கும்வரை அவன் அவளை வேலைக்கு அனுப்பவே இல்லை.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, குரல் மட்டும் பெரிசு. தீட்டுக் கழித்த பிறகு வேலாயி பார்க்க வந்தாள். அன்றைக்குத்தான் கிருஷாந்தி நடந்ததை எல்லாம் சொன்னாள். நிரோஷன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவ பூரணி,” என்றாள் வேலாயி. “நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மண்ணு சரிஞ்சுச்சு. அந்தப் பாதையில எறங்கிக்கிட்டு இருந்தா. நாங்கதான் தோண்டி எடுத்தோம்.”

“அவ புள்ளயும் அதுலயே போச்சா?”

“கையில ஏது புள்ள? வயித்துல எட்டு மாசம். அப்படியேதான் பொதச்சோம்.”

கிருஷாந்தி மடியில் கிடந்த மகளைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அன்று தன் கையில் இருந்தது யாருடைய பிள்ளை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று நிரோஷன் கேட்டான். பிள்ளைத்தாய்ச்சி காதிலும் அவள் வீட்டுக்காரன் காதிலும் இந்தப் பேச்சு விழக் கூடாது என்று தோட்டமே வாயை மூடிக்கொண்டிருந்ததாம். யாரும் சொல்வதில்லை, ரோட்டு வழியாகப் போ என்பதோடு சரி.

குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வேலாயி கேட்டாள். “மேல் லயத்து நிஷாந்திக்கும் பிரேமினிக்கும் வயித்துக்குள்ளயே புள்ள அடங்கிப் போச்சே, தெரியும்ல ஒனக்கு?”

கிருஷாந்தி தலையாட்டினாள்.

“அவளுக ரெண்டு பேரும் கேட்டவொடன குடுத்துட்டாளுக.”