விரல் நீட்டாத இங்கிலீஷ் வகுப்பு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். பல்லை மட்டுமல்ல, கொடுத்தவன் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். அது என் சுபாவம். அதனால்தான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை மேனேஜர், தம் தொழிலாளிகளுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லித்தர வாத்தியார் வேண்டும் என்று எங்கள் பொன்னேரிப் பள்ளிக்கு ஆள் அனுப்பியபோதே எனக்கு உறுத்தியது.

எழுபதுகளின் கடைசி அது. தொழிற்பேட்டையில் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஆலைக்குப் பம்பாயிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருக்கிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் இங்கிலீஷில் சொல்வது ஆட்களுக்குப் புரிந்தால் போதும், அவ்வளவுதான் என்றார் மேனேஜர். ‘அவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால் இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் தலைமையாசிரியர் விடவில்லை. “உங்களுக்குத்தான் அந்த ட்ரெயினிங் எல்லாம் இருக்கே” என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

அந்த ட்ரெயினிங் அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறையில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. தமிழில் விளக்காதே, செய்து காட்டு. கதவைத் திறந்துகொண்டே ‘கதவைத் திறக்கிறேன்’ என்று இங்கிலீஷில் சொல், பிள்ளைகளைச் சொல்ல வை. முதலில் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லட்டும், பிறகு ஒவ்வொருவராக. இதற்கெல்லாம் கைஜாடை உண்டு. இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்கினால் எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒரு விரலை நீட்டினால், சுட்டப்பட்டவர் மட்டும் எழுந்து சொல்ல வேண்டும். பள்ளியில் இது நன்றாகவே நடந்தது. பையன்கள் விரலுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை மதியம், காலை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் ஷெட்டில் வகுப்பு. உள்ளே நுழைந்ததுமே ஒன்றைக் கவனித்தேன். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஆலை காக்கிச் சட்டை கொடுத்திருந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்களில் ஒருவர் உடம்பிலும் காக்கி இல்லை. அத்தனை பேரும் டெம்பரரி. இலவச இங்கிலீஷ் எதற்கு இவர்களுக்கு மட்டும்?

கைகளைத் தூக்கினேன். தகரக் கூரை அதிரச் சொன்னார்கள். எனக்கே சந்தோஷமாகிவிட்டது. பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவரை நோக்கி விரலை நீட்டினேன். அவர் கிரேன் ஓட்டுகிறவர், பழவேற்காட்டு மீனவக் குடும்பம், நல்ல கட்டுமஸ்தான ஆள். எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அடுத்தவரை நோக்கி நீட்டினேன், அவரும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் இதே கதை. சேர்ந்து சொல்லச் சொன்னால் இடி முழக்கம், தனியாகக் கேட்டால் கல்லுப்பிள்ளையார். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் சேர்ந்துகொண்டு வெளியூர் வாத்தியானை ஆழம் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் வேறு, வகுப்பு முடிந்ததும் தம் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுப்பார். பிஸ்கட்டும் உண்டு. டீ பாதி இறங்கியதும் கேட்பார்: “யாரு சார் நல்லா வராங்க? யாரு தேற மாட்டாங்க?” இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு கேட்ட மாதிரி எனக்குப் பட்டது. “எல்லாரும் ஒரே மாதிரிதான் சார்” என்பேன். அது உண்மையும்கூட. தனியாக யாருடைய குரலையும் நான்தான் கேட்டதே இல்லையே. அந்தக் கேள்விக்குப் பிறகு மீதி டீ எனக்கு இறங்காது.

ஒரு சனிக்கிழமை பொன்னேரிக்குத் திரும்ப ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். கிரேன்காரர் பிளாட்பாரத்தில் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

“சார், ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. கிளாஸ் முடிஞ்சதும் யாரை ஊட்டுக்கு அனுப்பப் போறீங்க?”

“நான் யாரய்யா அனுப்ப?”

“பின்ன இன்னாத்துக்கு சார் விரலை நீட்டிக்கினே கீறீங்க?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். டெம்பரரி ஆட்கள் காலையில் கேட் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து விரலை நீட்டுவார். யாரை நோக்கி நீட்டினாரோ அவருக்கு அன்று வேலை இல்லை. காரணம் கேட்கக் கூடாது, அவரும் சொல்ல மாட்டார்.

“நீங்க நீட்டினா மேஸ்திரி நீட்டற மாதிரியே கீது சார். இங்கிலீஷ் வராதவனக் கயிச்சிட்டு, மிச்சம் பேரத்தான் பெர்மனென்ட் பண்ணப் போறாங்கன்னு ஷெட்டு பூரா பேச்சு. எம் பொண்டாட்டி மாசமா கீறா. எனக்கு வேலை பூட்ச்சுன்னா மறுபடி மீன் புடிக்க ஏரிக்குத்தான் போவணும். அங்க எங்க அண்ணன் தம்பிங்களுக்கே பத்தல.”

என்னையறியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பிஸ்கட்டோடு வந்த அந்த இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். கற்றுக்கொடுத்த முறையையே தலைகீழாகத் திருப்பினேன். “இன்னைக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்லை. நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க, நான் செய்யறேன். யாருக்கு இஷ்டமோ அவங்க சொல்லலாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடுவில் போய் நின்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூலையிலிருந்து பயந்த குரலில் ஒன்று வந்தது: “ஸிட் டவுன்.” உட்கார்ந்தேன். “ஸ்டாண்ட் அப்.” எழுந்தேன். சிரிப்பு கிளம்பியது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள், மூடச் சொன்னார்கள், பெஞ்சைத் தூக்கச் சொன்னார்கள். வேர்க்க விறுவிறுக்கத் தூக்கினேன். நாள் முழுக்க ஏவப்படுகிறவர்களுக்கு ஒரு வாத்தியானை ஏவுவதில் அப்படி ஓர் ஆனந்தம். அத்தனை வாரம் வராத இங்கிலீஷ் அரை மணியில் வந்து கொட்டியது.

அந்தக் கூத்தின் நடுவேதான் கிரேன்காரர் எழுந்தார். சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“சார். டெல் மீ. வொய் திஸ் கிளாஸ்?”

அவர் உட்காரவும், பின்னால் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. வாசலில் மேனேஜர். எல்லோரும் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். குரலைக் கேட்டிருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை.

“யாரு இப்போ கேட்டது?”

சிரிப்பு அப்படியே நின்றது. கிரேன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும்.

இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்கினேன்.

“வொய் திஸ் கிளாஸ்?” என்றது ஷெட் முழுவதும், ஒரே குரலில். கூரைத் தகரம் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

மேனேஜர் என்னை வெளியே அழைத்தார். கோபப்படவில்லை. மிக மரியாதையாகத்தான் பேசினார்.

“அவங்களுக்குப் புரிஞ்சா போதும்னுதானே சார் கேட்டேன். பேச வைக்கச் சொன்னேனா?”

அடுத்த சனிக்கிழமை கேட்டிலேயே வாட்ச்மேன் என்னை நிறுத்தி, இனிமேல் வகுப்பு கிடையாது என்றார். உள்நோக்கம் ஏதும் இல்லாமல்தான் அந்த மேனேஜர் வகுப்பு வைத்தாரோ, பம்பாய்க்காரர் பேச்சு புரிய வேண்டும் என்பது மட்டுமே காரணமோ, எனக்குத் தெரியாது. நல்லபடியாக நினைக்க முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் பொன்னேரி ஸ்டேஷனில் கிரேன்காரரைப் பார்த்தேன். இன்னும் டெம்பரரிதான், ஆனால் வேலையில் இருந்தார். பெண் குழந்தை பிறந்திருந்தது. வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் இருந்தவர்களில் யாரையாவது அனுப்பினார்களா என்று கேட்டேன்.

“ஒருத்தனயும் அனுப்பல சார்” என்றார். டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். “அத்தினி பேரும் ஒண்ணாத்தான கேட்டோம். யார்னு சார் விரலை நீட்டுவான்?”